வசுமதி வாங்கிய மொட்டை மாடி

என் தம்பி வைத்தியநாதனின் மனைவி வசுமதி பொறாமைக்காரி. நான் புறம் பேசுவதாக யாரும் நினைக்க வேண்டாம். அவள் முகத்துக்கு நேராகவே பல தடவை சொல்லியிருக்கிறேன். "ஆமாம் அக்கா, பொறாமைதான். அதுக்கென்ன இப்போ?" என்று கேட்டுவிட்டுக் குழம்பைக் கிளறப் போய்விடுவாள். உள்ளே ஒன்று வைத்துக்கொண்டு வாயில் சர்க்கரையாகப் பேசுகிறவர்களை நான் வேலை பார்க்கிற பாங்கில் தினமும் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துப் போயிருந்தது. வசுமதியிடம் அந்த வேலையே கிடையாது. வயிறு எரிந்தால் எரிகிறது என்று சொல்லுவாள். அதனாலேயே எனக்கு அவளைப் பிடிக்கும்.

அவள் பொறாமை முழுவதும் ஒரே ஆள் மேல்தான். அது எங்கள் அண்ணா ஜெய்ராமின் மனைவி அலமு மன்னி.

கல்கத்தாவில், லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அப்பா காலத்திலிருந்து எங்களுக்கு ஒரு வீடு. கீழே ஒரு ஹோமியோபதி டாக்டர் வாடகைக்கு இருந்தார். முதல் மாடியில் வைத்தியும் வசுமதியும். இரண்டாம் மாடியில் அண்ணாவும் மன்னியும், கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்ட நானும். அதற்கு மேலே மொட்டை மாடி. அதற்குப் போகும் படி மன்னியின் சமையலறையை ஒட்டித்தான் ஏறும். வடாம் காய வைக்க வசுமதி மேலே போனாலும் மன்னி அடுப்பைத் தாண்டித்தான் போக வேண்டும். மன்னி ஒன்றும் சொல்ல மாட்டாள். "வாடி வசு, ஒரு வாய் காபி சாப்பிட்டுட்டுப் போ" என்பாள். வசுமதியால் தாங்க முடியாதது அதுதான். சண்டைக்காவது வந்தால் பதிலுக்கு ஒரு பிடி பிடிக்கலாம்!

மன்னியின் தயிர் மார்கழிக் குளிரிலும் கத்தியால் வெட்டுகிற மாதிரி உறையும். வசுமதி வீட்டில் பாலாகவே இருக்கும். மன்னி கிரைண்டர் வாங்கினால் வசுமதி அதைவிடப் பெரியதாக வாங்குவாள். மாவு அரைக்கிற நேரம் பார்த்து கரண்ட் போகும். கரண்ட் இரண்டு மாடிக்கும்தான் போகிறது என்று சொல்லிப் பார்த்தேன். "அவா மாவு அரைச்ச அப்புறம்தானே போறது!" என்றாள். இதற்கு மேல் என்ன பேசுவது?

இதெல்லாம் சில்லறை. உண்மையான எரிச்சல் வருஷத்தில் ஒரே ஒரு நாள் சாயங்காலம் வரும். தீபாவளியன்று.

தீபாவளி என்று நாங்கள் சொல்லுவது விடிவதற்கு முன்னாலேயே ஆரம்பித்து இட்லியோடு முடிந்து போகிற சமாசாரம். எண்ணெய் தேய்த்துக் குளித்து, லேகியம் தின்று, இருட்டோடு இருட்டாகப் பட்டாசு வெடித்துவிடுவோம். கல்கத்தா தூங்குகிற நேரம் அது. எதிர்வீட்டு பானர்ஜி பாபு ஜன்னலைத் திறந்து, பல் செட் மாட்டாத வாயோடு எங்களைத் திட்டுவார். அவர்களுக்குக் காளி பூஜை இரவில். அமாவாசை இருட்டில் ஊர் மொத்தமும் மாடியில் ஏறிக்கொண்டு கொளுத்தும். அதற்குள் எங்கள் கையில், வசுமதி ஒளித்து வைத்த நாலு வெடியைத் தவிர, ஒரு கம்பி மத்தாப்புகூட மிஞ்சியிருக்காது. ஆகவே காலையில் வெடிப்போம், இரவில் வேடிக்கை பார்ப்போம்.

வேடிக்கை என்றால் சாதாரண வேடிக்கை இல்லை. எங்கள் மாடியிலிருந்து ஏரிப் பக்கத்து வானம் முழுதாகத் தெரியும். தெருவுக்குத் தெரு இருக்கிற கிளப்காரர்கள் போட்டி போட்டுக்கொண்டு விடுகிற வாணங்கள் ஒன்றின் மேல் ஒன்று விரியும். இதற்காகவே மெட்ராஸிலிருந்து உறவுக்காரர்கள் வருவார்கள். சர்க்கார் உத்தியோகஸ்தர்களுக்கு எல்.டி.சி. என்று டிக்கெட் காசு கிடைக்கும். காளிகட்டம், தட்சிணேஸ்வரம், விக்டோரியா எல்லாம் சுற்றிவிட்டு, கடைசியில் எங்கள் மாடியில் ஜமக்காளத்தில் வந்து உட்காருவார்கள். முதல் வாணம் கிளம்புகிறவரை மன்னி சுண்டலும் காபியும் அனுப்பியபடி இருப்பாள். "அலமு, உன் மாடி மாதிரி உண்டா!" என்று எல்லாரும் சொல்லுவார்கள். உன் மாடி! வசுமதிக்குக் கழுத்து நரம்பு புடைக்கும்.

அதுகூடப் பரவாயில்லை. அவள் பெண் சாதனா இருக்கிறாளே, வருஷம் பூராவும் அம்மா கோண்டு. அம்மா ஊட்டினால்தான் சாப்பிடுவாள், அம்மா பக்கத்தில்தான் படுப்பாள். ஆனால் அந்த ஒரு சாயங்காலம், வானத்தில் முதல் வாணம் கிளம்பியதும், ஓடிப்போய் மன்னி மடியில் உட்கார்ந்துகொள்ளுவாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், கூட்டத்தை விட்டுத் தள்ளி, சுவரில் சாய்ந்தபடி மன்னி உட்கார்ந்திருப்பாள். குழந்தையை இறுகக் கட்டிக்கொண்டு அதன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொள்ளுவாள். சாதனா அவள் காதோடு காதாக ஏதோ சொல்லிக்கொண்டே இருப்பாள். கடைசி வாணம் அணையும்வரை இரண்டு பேரும் அசைய மாட்டார்கள்.

மன்னிக்குக் குழந்தை இல்லை. அதனால் நாங்கள் யாரும் அதைப் பற்றிப் பேசியது கிடையாது. பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவோம். வசுமதியால் அப்படி இருக்க முடியவில்லை.

"குழந்தைக்கு சத்தம்னா பயம். பயம் வந்தா யார்கிட்ட ஓடணும், சொல்லுங்கோ அக்கா," என்று ஒரு தடவை என் அறைக்கு வந்து கேட்டாள். "பெத்தவகிட்டதானே ஓடணும்? நான் என்ன புலியா, கரடியா?"

"நீ கையில ஊதுபத்தியை வெச்சுண்டு வெடிக்குப் பின்னாடி ஓடிண்டிருக்கே. எந்த மடியில உக்காரும் அது?" என்றேன்.

அது உண்மை. எங்கள் வீட்டில் வெடி வெடிக்கிறவள் வசுமதிதான். ஆண்பிள்ளைகள் இரண்டு பேரும் திரியைப் பார்த்தாலே நாலடி பின்னால் நிற்பார்கள். இவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஊசிப்பட்டாசைக் கையிலேயே பற்ற வைத்து வீசுவாள். மாயவரத்தில் அண்ணன்மார்களோடு வளர்ந்தவள். இருட்டு, பாம்பு, மாமியார், டிக்கெட் பரிசோதகர், எதற்கும் பயந்ததில்லை. பின்னால் கல்கத்தாவில் சத்தமான வெடிகளுக்குத் தடை வந்தபோது, ஊரே நிம்மதி என்று சொல்ல, இவள் ஒருத்திதான் துக்கம் கொண்டாடினாள்.

ஆனால் நான் அப்படிச் சொன்ன வருஷம் சாயங்காலம் அவள் ஊதுபத்தியைத் தொடவில்லை. ஜமக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து காத்திருந்தாள். சாதனா அவளைத் தாண்டிக்கொண்டு தொட்டிக்குப் பின்னால் ஓடினாள். அந்த வருஷம் தாம்பரத்திலிருந்து வந்திருந்த ஒரு மாமி, வசுமதியின் கெட்ட நேரம், அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"அலமு, உன் பொண்ணா? அப்படியே உன் ஜாடையான்னா இருக்கு!"

மாமிக்கு உறவுமுறை சரியாகத் தெரியாது. மன்னிதான் தலையைத் தூக்கிச் சரியாகப் பதில் சொல்லியிருக்க வேண்டும். அவள் குழந்தை கழுத்திலிருந்து முகத்தை எடுக்கவேயில்லை. வசுமதி எழுந்து கீழே போய்விட்டாள். முதல் மாடியில் கதவு சாத்திய சத்தம் வாண வேடிக்கையையும் மீறி எனக்குக் கேட்டது.

மறுநாளே வீடு தேட ஆரம்பித்துவிட்டாள்.

வைத்திக்குக் கிதிர்பூரில் துறைமுக ஆபீசில் வேலை. "உங்களுக்கு ஆபீஸ் பக்கமா ஒரு ஃப்ளாட் பாக்கலாம்னா. தினம் பஸ்ஸுல நசுங்கறேள், பாக்கவே பாவமா இருக்கு," என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் நசுங்குவது அன்றைக்குத்தான் அவள் கண்ணில் பட்டது. வைத்தி நெகிழ்ந்து போனான். என் தம்பிக்கு அவ்வளவுதான் சாமர்த்தியம். ஆபீஸில் கடன் போட்டு பெஹாலாவில், சகேர் பஜார் தாண்டி, ஒரு புது கட்டடத்தில் உச்சி மாடி ஃப்ளாட் வாங்கினார்கள். உச்சி மாடிதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். வெயில் கொதிக்கும், மழையில் ஒழுகும், லிஃப்ட் கிடையாது என்று கட்டடக்காரனே எச்சரித்தான். "மொட்டை மாடி யாருக்கு?" என்பது ஒன்றுதான் அவள் கேட்ட கேள்வி. உச்சி மாடிக்காரர்களுக்குத்தான் என்றான். அங்கேயே அட்வான்ஸ் கொடுக்கச் சொல்லிவிட்டாள்.

வீடு மாறுகிற அன்று மன்னி கண்ணைத் துடைத்துக்கொண்டு, உறைக்குத்த ஒரு கிண்ணம் தயிர் கொடுத்தாள். வசுமதி அதை வாங்கிக்கொண்டாள். வழியில் டாக்ஸியில் கொட்டிவிட்டதாகப் பிறகு சொன்னாள். தானாகக் கொட்டியதா என்று நான் கேட்கவில்லை.

அந்த வருஷம் ஆடி மாசமே பஞ்சாங்கத்தைப் புரட்டியிருக்கிறாள். சாதாரணமாக எங்கள் தீபாவளியும் காளி பூஜையும் ஒரே நாளில் வந்துவிடும். காலையில் எங்கள் சதுர்த்தசி, இரவில் அவர்கள் அமாவாசை. சில வருஷம் அமாவாசை தள்ளிப்போய், காளி பூஜை மறுநாள் இரவில் வரும். அந்த வருஷம் அப்படித்தான் தள்ளிப் போயிருந்தது. தீபாவளியன்று சாயங்காலம் வானத்தில் ஒன்றும் இருக்காது.

புரட்டாசியிலேயே மன்னிக்கு போன் வந்தது. பக்கத்தில் நான் இருந்தேன்.

"மன்னி, தீபாவளிக்கு நீங்க அவசியம் புது ஆத்துக்கு வரணும். மத்தியானம் சாப்பாடு இங்கதான். சாயந்தரம் நம்ம மாடியில உக்காரலாம்."

நம்ம மாடி என்பதில் ஒரு அழுத்தம் இருந்தது. மன்னி வருகிறேன் என்று சொல்லி, ஒரு நிமிஷம் யோசித்து, "தீபாவளியன்னிக்குத்தானேடி? மறுநாள் இல்லையே?" என்று கேட்டாள்.

"மறுநாள் உங்காத்துக்கு மெட்ராஸ்காரா வராளே மன்னி. நீங்க எப்படி வர முடியும்?" என்றாள் வசுமதி. குரலில் அப்படி ஒரு அக்கறை.

பாங்கு விடுமுறைப் பட்டியல் எனக்கு மனப்பாடம். அன்று மாலையே அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஏன்டி, ஒண்ணுமே இல்லாத நாளாப் பாத்துக் கூப்பிட்டிருக்கியே?"

"தீபாவளிக்குத் தீபாவளியன்னிக்குத்தானே அக்கா கூப்பிடணும்? என்ன தப்பு?"

"தப்பு ஒண்ணும் இல்லை. உன் மூளை நேரா ஓடறதான்னு பாத்தேன்."

அவள் சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பு போய்விட்டது. "எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் அக்கா. ஒரே ஒரு வருஷம் என் குழந்தை என் மடியில உக்காந்து மத்தாப்பு பாக்கணும். அவா இருந்தா அது நடக்காது. அவ்ளோதான்," என்றாள். இவ்வளவு நேராகச் சொல்லுகிறவளிடம் எப்படிக் கோபித்துக்கொள்ளுவது? இரண்டு நாளும் அங்கேயே தங்குவது என்று தீர்மானித்துக்கொண்டேன். இந்தக் கூத்தைப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது.

தீபாவளியன்று மத்தியானம் அண்ணாவும் மன்னியும் நானும் போய்ச் சேர்ந்தோம். "கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்று வாசலில் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம். கங்கையே ஹூக்ளி என்ற பெயரில் நாலு மைலில் ஓடுகிறது, நாங்கள் யாரும் அந்தப் பக்கம் போனதில்லை. மன்னி கையில் முறுக்கு டப்பா, ஓமப்பொடி டப்பா, ஒரு ரவா லாடு டப்பா. வசுமதியும் அதே மூன்றையும் செய்து வைத்திருந்தாள். இரண்டு லாடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வைத்தியைச் சாப்பிடச் சொன்னாள். அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

சாயங்காலம் மேலே போனோம். பெஹாலா இருட்டிக்கொண்டு கிடந்தது. எங்கேயோ ஒரு பையன் ஒரு வெடியைப் போட்டான், அதோடு சரி. சுற்றுவட்டாரத்து வீடுகளில் வாசலிலும் ஜன்னலிலும் சின்னச் சின்ன அகல்கள் எரிந்தன. காளி பூஜைக்கு முதல் நாள் வங்காளிகள் முன்னோர்களுக்காகப் பதினாலு விளக்கு வைப்பார்கள். கீழ் ஃப்ளாட்டில் இருக்கிற சாதனாவின் சிநேகிதி மேக்னாவின் அம்மா எங்கள் படியிலும் ஒரு விளக்கை வைத்துவிட்டுப் போனாள்.

அண்ணா வானத்தைப் பார்த்தார். "என்னடா வைத்தி, ஒண்ணையும் காணுமே? இதைப் பாக்கவா அத்தனை படி ஏறினோம்?"

வசுமதியின் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. "நாளைக்குத்தான் அண்ணா காளி பூஜை. அடடா, நான் யோசிக்கவே இல்லையே," என்றாள். அவள் சொன்ன பொய்களிலேயே இதுதான் மட்டமானது.

ஆனால் மன்னியைப் பார்க்க வேண்டுமே! நான் அவளோடு ஒரே வீட்டில் இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன், தீபாவளியன்று அவளை அப்படிப் பார்த்ததில்லை. கைப்பிடிச் சுவரோரமாக நின்று ஊரைப் பார்த்தாள். பாயில் காலை நீட்டி உட்கார்ந்து இரண்டு தட்டு ஓமப்பொடி தின்றாள், வசுமதி செய்ததை. நன்றாக இருக்கிறது என்று கேட்டுக் கேட்டு வாங்கினாள். அண்ணாவைக் கிண்டல் செய்தாள். மேக்னாவின் அம்மாவோடு அரைகுறை பெங்காலியில் அரட்டை அடித்தாள். இந்தப் பக்கம் சாதனா, மேக்னாவோடு மாடி முழுக்க ஓடிப் பிடித்து விளையாடினாள். ஒரு தடவைகூடப் பெரியம்மா மடியில் போய் உட்காரவில்லை.

வசுமதி என் தொடையைக் கிள்ளினாள். "பாத்தேளா அக்கா? அந்தப் பக்கமே போகலை. வெடி இல்லைன்னா அவா மடி எதுக்கு!"

கிளம்பும்போது மன்னி, வசுமதியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"வசு, நீ இந்த நாளைப் பாத்துக் கூப்பிட்டே பாரு, ஏன்னு எனக்குத் தெரியும்டி. வேற யாருக்கும் இது தோணியிருக்காது. நான் இதை ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு, கண் கலங்கி, படியிறங்கிப் போனாள். வசுமதி வெளுத்துப் போனாள்.

"கண்டுபிடிச்சுட்டா அக்கா. சிரிச்சுண்டே குத்திட்டுப் போறா பாருங்கோ!" என்றாள். மன்னி குத்துகிறவள் இல்லை என்று நான் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. படுத்த பிறகும் புலம்பிக்கொண்டே இருந்தாள். "மறக்க மாட்டாளாம். மறக்க வேண்டாம்! நாளைக்கு என் குழந்தை என் மடியில உக்காருவா. அப்போ யாரு என்ன நெனைச்சா எனக்கென்ன?"

மறுநாள் பொழுது சாய்ந்ததும் பெஹாலா எரிந்தது. தடை எல்லாம் ஒரு பக்கம், சாக்லேட் பாம் ஒரு பக்கம் வெடித்துக்கொண்டிருந்தது. கிளப்புக்கு கிளப் வாணம் விட்டார்கள். சகேர் பஜார் பக்கம் பச்சை விரிந்தால் சௌராஸ்தாப் பக்கம் சிவப்பு விரிந்தது. தலைக்கு மேலேயே தங்கமாகக் கொட்டியது. லேக் மார்க்கெட் வானத்தைவிட இது பெரிய வானம், சந்தேகமேயில்லை. வசுமதி வாங்கியது வீண் போகவில்லை.

அவள் தலைதீபாவளிப் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு, பாயை நடுவில் விரித்து, மடியைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். வைத்தி ஒரு மூலையில் காதைப் பொத்திக்கொண்டு நின்றான். சாதனாவும் மேக்னாவும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, "தேக் தேக், பாரு பாரு!" என்று ஒவ்வொரு வாணத்துக்கும் குதித்தார்கள்.

"சாதனா, வாடி கண்ணா. அம்மா மடியில உக்காந்துக்கோ."

"எதுக்கும்மா?"

"சத்தமா இருக்கே. பயமா இல்லையா?"

சாதனா திரும்பி, தன் அம்மாவை ஆச்சரியமாகப் பார்த்தாள். "எனக்கா? எனக்கு எதுக்குப் பயம்?"

"வருஷா வருஷம் பயந்துண்டு பெரியம்மா மடியில போய் ஒளிஞ்சுப்பியே?"

"ஐயோ அம்மா, பயம் எனக்கில்லை. பெரியம்மாவுக்கு!"

பக்கத்துக் கட்டடத்தில் ஒரு சரவெடி ஆரம்பித்து முடிகிறவரை யாரும் பேச முடியவில்லை. பிறகு குழந்தை கிட்டே வந்து, ரகசியம் உடைந்துவிட்டதே என்று கொஞ்சம் தயங்கிச் சொன்னாள்.

"யார்கிட்டயும் சொல்லாதேன்னு பெரியம்மா சத்தியம் வாங்கிண்டா. பெரியப்பாவுக்குத் தெரிஞ்சா சிரிப்பாராம். பெரியம்மாவுக்கு பீஷொன் பயம்மா, ரொம்ப ரொம்ப பயம். கை கால்லாம் நடுங்கும். கண்ணையே திறக்க மாட்டா. நான் மடியில உக்காந்தா கொஞ்சம் நடுங்காம இருப்பா. இப்போ பச்சை, இப்போ மஞ்சள், இப்போ பெரிசா சத்தம் வரும், கெட்டியாப் பிடிச்சுக்கோங்கோன்னு நான்தான் சொல்லிண்டே இருப்பேன்."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. காலையில் நாங்கள் வெடிக்கிறபோதெல்லாம் மன்னி ஜன்னலைச் சாத்திக்கொண்டு சமையலறையிலேயே நிற்பாள். எத்தனை பொறுப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தோம். தாம்பரத்து மாமி கேட்டபோது அவள் முகத்தை எடுக்காததும் அதனால்தான். நேற்று அவள் கலங்கின கண்ணோடு சொல்லிவிட்டுப் போனது குத்தல் இல்லை, நன்றி. வெடி இல்லாத நாளாகப் பார்த்துத் தன்னைக் கூப்பிட்டிருக்கிறாள், சொல்லாமலே புரிந்துகொண்டிருக்கிறாள் ஓர்ப்படி என்று மனசு நிறைந்து போயிருக்கிறாள். வசுமதிக்கும் இது புரிந்துவிட்டது. அவள் என்னைப் பார்க்கவில்லை.

"இன்னிக்கு பெரியம்மா தனியா என்ன பண்றாளோ," என்றாள் சாதனா. "மெட்ராஸ் மாமால்லாம் வந்திருப்பா. மாடிக்கு வந்தே ஆகணுமே. மடியில யாரும் இல்லையேம்மா."

அப்போதாவது வசுமதி சும்மா இருந்திருக்கலாம். அவளால் முடியாதே! குழந்தையின் கவலைகூட அந்தப் பக்கம் போகிறதே என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. முகத்திலேயே தெரிந்தது. சட்டென்று இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

"எனக்கும் பயமா இருக்குடி. வந்து மடியில உக்காந்துக்கோ."

சாதனா சிரித்தேவிட்டாள். "பொய்! நேத்து காலம்பற கையிலேயே வெடி வெச்சுத் தூக்கிப் போட்டியே. உனக்கு எதுக்குமே பயம் கிடையாது."

வசுமதி கையை இறக்கினாள். கண்ணைத் திறந்தபோது நிறைந்திருந்தது. அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மாமியார் திட்டிக்கூட அழாதவள்.

"வெடிக்கு இல்லடி. நீ அவாகிட்டயே போயிடுவியோன்னு பயம். ஒவ்வொரு வருஷமும் அங்க நின்னுண்டு உங்க ரெண்டு பேரையும் பாத்துண்டே இருப்பேன். வயிறெல்லாம் எரியும்."

குழந்தைகளிடம் இப்படிச் சொல்லக்கூடாது என்று நான் குறுக்கே பேச வாயெடுத்தேன். சாதனா முந்திக்கொண்டாள். புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, பெரிய மனுஷி மாதிரி கேட்டாள்.

"இதை முன்னாடியே சொல்லக்கூடாதா அம்மா? சொல்லியிருந்தா உன் மடியிலயும் கொஞ்ச நேரம் உக்காந்திருப்பேனே. நீ சொல்லவே இல்லை. வீட்டை வாங்கிண்டு வந்துட்டே."

மூலையிலிருந்து வைத்தி காதை விட்டு கையை எடுத்தான். ஃப்ளாட் வாங்கியது, தான் பஸ்ஸில் நசுங்குகிறோம் என்ற இரக்கத்தால் இல்லை என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும்.

சாதனா வந்து அம்மா மடியில் உட்கார்ந்தாள். எட்டு வயசுப் பெண், கால் பாயைத் தாண்டி நீண்டது. பழக்கத்தில் வசுமதியின் கையை எடுத்துத் தன்னைச் சுற்றிப் போட்டுக்கொண்டாள். "இப்போ பச்சை," என்றாள். "அதோ, இப்போ ஊதா வரும் பாரு." வசுமதி வானத்தைப் பார்க்கவில்லை. குழந்தையின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள், மன்னி செய்த மாதிரியே.

கொஞ்ச நேரம் ஆயிற்று. சாதனா நெளிந்தாள்.

"போதுமா அம்மா? நான் கீழ போய்ப் பெரியம்மாவுக்கு போன் பண்ணணும்."

கேட்டு வாங்குகிற பழக்கம் வசுமதிக்கு ஒருநாளும் இருந்ததில்லை. அவள் கையை இன்னும் இறுக்கிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் இருடி," என்றாள். கெஞ்சினாள் என்றே சொல்ல வேண்டும்.

சாதனா யோசித்தாள். "சரி. அடுத்த ராக்கெட் வர வரைக்கும்."

வசுமதி தலையைத் தூக்கி, தான் அடம் பிடித்து வாங்கிய அந்த வானத்தை முதல் தடவையாகப் பார்த்தாள். பெஹாலாவில் அன்றைக்கு அடுத்த ராக்கெட்டுக்கு யாரும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.